வாயில்லாத சிப்புக்கு ஹில்க்கா வைத்த பெயர்

எங்கள் அலுவலகத்தில் ஹில்க்கா யுந்துனெனைப் பற்றி இரண்டே பேச்சுதான். ஒன்று, பனிக்காலம் முழுக்கச் சறுக்குக் கட்டையில்தான் வேலைக்கு வருவாள். இன்னொன்று, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பாள். முதலாவது உண்மை. இரண்டாவதைச் சொன்னவர்கள் யாரும் முயலைப் பிடித்துக் காலை எண்ணிப் பார்த்தவர்கள் இல்லை. அவள் பார்த்திருப்பாள்.

குஹ்மோவுக்கும் அப்பால், பேருந்து திரும்பிப் போகிற இடத்தில் பிறந்தவள். எங்கள் ஓவுலு நகரத்தில் கைப்பேசித் தொழில் கொழித்த காலத்தில் இங்கே வந்தாள். அது படுத்த பிறகும் ஊரை விட்டுப் போகாதவர்களில் ஒருத்தி. கட்டியவன் ஒருவன் இருந்தான். "நீ சொல்றது சரிதான், ஆனா எப்பவுமே சரியா இருக்கியே" என்று சொல்லிவிட்டு இன்னும் வடக்கே ரோவனியெமிக்குப் போய்விட்டானாம். காப்பி மேசையில் அவளே இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

என்ன வேலை என்று கேட்டால், வாயில்லாததுக்கு வாயாக இருக்கிறேன் என்பாள். யூ.எஸ்.பி.யில் செருகுகிற மவுஸும் பென் டிரைவும் செருகியதுமே தங்கள் பேரையும் ஊரையும் தாங்களே சொல்லிவிடும். அவை வந்து உட்காருகிற கன்ட்ரோலர் இருக்கிறதே, சிப்புக்குள் கிடக்கும் அது, வாயே திறக்காது. அது எந்த முகவரியில் இருக்கிறது, மின்சாரம் எங்கிருந்து வருகிறது, யாரை எழுப்பிக் கூப்பிடும் என்றெல்லாம் ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான், லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் அதை ஓட்டுகிற டிரைவர் நிரலுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியும். அந்த விவரத்தை எழுதுகிறவள் ஹில்க்கா. எழுதி, உலகமே பார்க்கிற மின்னஞ்சல் மடற்குழுவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஆளாளுக்குக் குடைவார்கள். ஏற்றுக்கொண்டுவிட்டால் பிறகு லேசில் மாற்ற முடியாது, ஏனென்றால் விற்றுப்போன இயந்திரங்களெல்லாம் அதே எழுத்தைச் சுமந்துகொண்டு திரியும். அதனால் ஒவ்வொரு விவரத்தின் தலையிலும் ஒரு மனிதரின் பெயர் இருக்கும். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டிய பெயர் அது.

இன்னொரு வழக்கமும் உண்டு. புதுச் சிப் பழையதை அச்சாக ஒத்திருந்தாலும் முதலில் அதற்கென்று தனிப் பெயர் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் பழையதைப் போல என்று சேர்க்கலாம். நாளைக்கு ஒரு குறை தெரிந்தால் டிரைவர் அந்தப் பெயரைப் பார்த்து அதை மட்டும் தனியாகக் கவனித்துக்கொள்ளும். பெயர் வைக்காமல் விட்டால் கூட்டத்தில் குற்றவாளியைத் தேடுகிற கதைதான்.

போன வசந்தத்தில் எங்கள் புதுச் சிப் வந்தது. சோதனை மேசை என்னுடையது. உறங்க வைத்து எழுப்பினால் அதன் யூ.எஸ்.பி. கன்ட்ரோலர், செருகியிருப்பதை அடியோடு மறந்துவிட்டது. பழைய சிப் அப்படிச் செய்ததே இல்லை. காட்டில் மரம் அறுக்கிற வண்டிகளுக்குப் போக வேண்டிய சிப் இது. வண்டிக்குப் பின்னால் ஆள் நிற்கிறானா என்று காட்டுகிற கேமரா அந்த யூ.எஸ்.பி.யில்தான் தொங்குகிறது. நான் ஹில்க்காவிடம் சொன்னேன், ஹில்க்கா துறைத் தலைவன் பெத்தேரியிடம் சொன்னாள்.

பெத்தேரி வாடிக்கையாளரிடம் எல்லா வகையிலும் பழையது போலவே என்று ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தான். தனிப் பெயர் வைத்தால் ஏன் என்று கேட்பார்கள், பழைய பெயரையே போட்டுவிடு என்றான். அலுவலகத்தார் சேர்ந்து சௌனா என்கிற நீராவிக் குளியலுக்குப் போகிற நாளில், குளித்து முடித்து எல்லாரும் வெளியே தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருந்தபோது மறுபடி ஆரம்பித்தான்.

"ஒரே ஒரு வரி, ஹில்க்கா. யாரு படிக்கப்போறா?"

"டிரைவர் படிக்கும்."

"நீ யாரு பக்கம்? கம்பெனி பக்கமா, அந்தக் கெர்னல்காரங்க பக்கமா?"

"சிப்பு பக்கம். உனக்கு வாய் இருக்கு, அவங்களுக்கும் இருக்கு. அதுக்குத்தான் இல்ல."

பெத்தேரி தொத்திறைச்சியில் கடுகு விழுதைத் தடவிக் கடித்தான். 

திங்கட்கிழமை காலையில் விவரம் மடற்குழுவில் இருந்தது. பழைய சிப்பின் பெயர் மட்டும். அனுப்பியவன் பெத்தேரி. தலையில் பொறுப்பாளர் என்று ஹில்க்கா யுந்துனென். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததுமில்லாமல், பரிமாறியவள் இவள் என்று கையையும் காட்டிவிட்டான். எனக்கு ரத்தம் கொதித்தது. ஹில்க்கா ரை தானிய ரொட்டியை மென்று முடித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பெத்தேரி அறையிலிருந்து விரைந்து வந்தான். பதில் எழுதாதே, உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்றான்.

"சௌனாலதான் பேசியாச்சே, அப்பனே."

"எழுதினா இங்க உனக்கு இடம் இல்ல. நெனச்சுப் பாத்துக்க."

அவன் சும்மா மிரட்டவில்லை. அவள் வயதுக்கு ஓவுலுவில் இன்னொரு வேலை குதிரைக்கொம்பு. அது அவளுக்கும் தெரியும்.

"இடம் உன்னோடது, நீயே வெச்சுக்க" என்றாள். "பேரு என்னோடது."

தட்டச்சு செய்ததை அவள் தோளுக்குப் பின்னால் நின்று நான் படித்தேன். அந்தப் பெயர் என்னுடையது, நான் அதைக் கொடுக்கவில்லை. இது பழைய சிப் அல்ல, உறங்கி எழுந்தால் செருகியதை மறக்கிறது. ஏற்காதீர்கள். அவ்வளவுதான். அனுப்பிவிட்டுக் காப்பி ஊற்றப் போனாள்.

மடற்குழுவில் இந்த விவரங்களைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்கிறவர் அன்ஸ்கார் என்ற ஜெர்மன்காரர். முகம் பார்த்தவர் எங்களில் இல்லை. ஹில்க்காவையே பல முறை கிழித்துத் தொங்கவிட்டவர். தனிப் பெயர் இல்லை, பொறுப்பாளரின் சம்மதம் இல்லை, ஏற்க முடியாது என்று எழுதிக் கதவைச் சாத்தினார். ஹில்க்காவுக்கும் இங்கே கதவு சாத்தப்பட்டது. அலுவலகத்துக்குள் போடுகிற செருப்பையும் கோப்பையையும் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் கிளம்பினாள். நாங்கள் இத்தனை பேர் இருந்தும் ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. இப்போதும் அதை நினைத்தால் எனக்கு எரிகிறது.

மடற்குழுவுக்கு யார் வேண்டுமானாலும் எழுதலாம். வேலை போன ஹில்க்கா வீட்டிலிருந்து எழுதினாள். புதுச் சிப்புக்குத் தனிப் பெயர், பிறகு பழையதைப் போல, தலையில் தன் பெயர், அதோடு சொந்த முகவரி. கூடவே டிரைவருக்கும் ஒரு திருத்தம்: இந்தப் பெயரைக் கண்டால், எழுந்ததும் செருகியதை ஒரு முறை தேடிப் பார். சிப் பொருத்திய போர்டு என் மேசையில்தான் இருந்தது. ஓட்டிப் பார்த்தேன், கேமரா விழித்துக்கொண்டது. சோதித்தவர் என்ற வரியில் என் பெயரைப் போட்டு ஊரறிய அனுப்பினேன். மறுநாள் பெத்தேரி என் மேசையருகே வந்து நின்றான். நானும் எழுந்து நின்றேன். இந்த முறை எழுந்து நின்றேன். இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். அவன் திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டான்.

ஹில்க்கா இப்போது பக்கத்து ஊரான கெம்பெலேயில் சின்னதொரு கம்பெனியில் இருக்கிறாள். சம்பளம் குறைவு, சறுக்கு வழி நீளம் என்கிறாள். அவள் அனுப்பியதை அன்ஸ்கார் ஏற்றுக்கொண்டார். தலையில் அவள் பெயர் இருப்பதால், எங்கள் சிப்பின் விவரத்தில் ஒரு வரியைத் தொட வேண்டுமென்றாலும் பெத்தேரி அவள் சொந்த முகவரிக்குத்தான் எழுதியாக வேண்டும், எல்லாரும் பார்க்க. போன வாரம் அடுத்த சிப்புக்காக எழுதியிருந்தான். மிகவும் மரியாதையாக, இதுவும் பழையதைப் போலவே என்று.

காப்பி ஆறுவதற்குள் அவள் பதில் வந்துவிட்டது.

"பேரு எங்க, பெத்தேரி?"