திவசத்துக்குக் கழுவிய ஃப்ரிட்ஜ்

நார்வேயில் என் அலுவலகத்து ஃப்ரிட்ஜில், யாருடைய மீன் டப்பாவுக்கோ பக்கத்தில், என் பெயர் எழுதிய ஊசிப் பெட்டி ஏழு மாதமாக இருக்கிறது. இதுவரை ஒருவர்கூட அது என்னவென்று கேட்டதில்லை. முதலில் இதைப் பெரிய நாகரிகம் என்று மெச்சினேன். நாலாவது மாதம், யாராவது கேட்டுத் தொலையுங்களேன் என்றிருந்தது. மயிலாப்பூரில், அம்மா வீட்டில், அந்தக் குறை வராது. அம்மா மட்டுமல்ல, எதிர் ஃபிளாட் மாமியும் கேட்பாள். அதனால் மே மாதம் அப்பாவின் திவசத்துக்கு வந்தபோது, 'அலர்ஜி மருந்து' என்று சொல்லிப் பெட்டியை அம்மாவின் ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

விஷயம் இதுதான். போன வருஷம் ஒருநாள் காலையில் என் இடது கண்ணில் புகை படர்ந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஆரம்பக் கட்டம் என்றார்கள். நம் நோய் எதிர்ப்பு செல்கள் சைட்டோகைன் என்ற குட்டி மூலக்கூறுகளை அனுப்பித்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றனவாம். சில, 'எதிரி வந்தாச்சு, கூட்டத்தைக் கூட்டு' என்கிற சேதி. சில, 'போதும், கலைந்து போங்க' என்கிற சேதி. எனக்குள் முதல் வகை ஓயாமல் பறந்து, திரண்டு வந்த கூட்டம் என் சொந்த நரம்பின் உறையையே பிய்த்துவிட்டது. வதந்தியை முதலில் கிளப்பியது யார் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. நான் போட்டுக்கொள்ளும் இன்டர்ஃபெரான் ஊசியும் ஒரு சேதிதான்; கலைந்து போகச் சொல்வது. சூடு பட்டால் கெட்டுப்போகும். அம்மாவிடம் மறைத்ததற்கு ஒரே காரணம், தெரிந்தால் "எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடு" என்பாள்.

திவசத்துக்கு முதல் நாள் தி.நகர் போய் வேட்டி வாங்கித் திரும்பினால், ஃப்ரிட்ஜ் பளபளவென்று காலியாக நிற்கிறது. எங்கள் வீட்டில் திவசம் என்றால் ஃப்ரிட்ஜும் கழுவித் துடைத்து, தீட்டுப் போக, மடியாக வேண்டும். தோசை மாவு, பழைய குழம்போடு என் ஊசிகளும் ஜன்னலோர மேஜையில், காலையிலிருந்து வெயிலில். பெட்டியைத் தொட்டால் சுட்டது.

"இதை ஏம்மா எடுத்தே?"

"எதுலேர்ந்து பண்ணினதோ, யார் கண்டா? நாளைக்கு ஆத்துக்கு பித்ருக்கள் வராடா."

நார்வே நர்ஸுக்கு ஃபோன் போட்டு, அம்மா ஊசியை வெளியே எடுத்து வைத்ததைச் சொன்னேன். அம்மா ஏன் வெளியே வைத்தார் என்றாள். அப்பாவுக்காக என்றேன். அப்பாவுக்கு ஃப்ரிட்ஜில் இடம் வேண்டுமா என்றாள். இல்லை, அவர் இறந்துவிட்டார், நாளைக்குச் சாப்பிட வருகிறார் என்றேன். பிறகு மிக மென்மையாக, உனக்குக் குழப்பம், தலைசுற்றல் ஏதாவது உண்டா என்றாள். சூடுபட்டதைப் போடாதே, திரும்பி வந்ததும் புதிது தருகிறோம் என்று முடித்தாள்.

முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்த அம்மா, பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"சரி, அந்த மருந்தை எதுலேர்ந்து பண்றா?"

"ஹாம்ஸ்டர்னு ஒரு எலி. அதோட செல்லுல வளர்க்கறா."

யோசித்தாள். "எலி பிள்ளையார் வாகனம்டா. தாராளமா உள்ளயே இருந்திருக்கலாமே" என்றவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. அடுத்து 'வந்துடு' என்பாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

மறுநாள் திவசம் முடிந்து, உச்சி வெயிலில் காக்காய்க்குப் பிண்டம் வைக்க மொட்டை மாடிக்கு ஏறினோம். உடம்பு சூடானால் அடிபட்ட நரம்பு மக்கர் பண்ணும், குளிர்ந்தால் சரியாகிவிடும். இடது கண் மங்கி, நான் கைப்பிடிச் சுவரைத் தடவித் தேடியதை அம்மா பார்த்துவிட்டாள்.

"இனிமே வெயில் காலத்துல வராதே. அப்பா திவசத்தை அங்கேயே பண்ணிடு. ஒனக்கு அந்தக் குளிர்தான் ஒத்துக்கும்."

கூப்பிடுவாளோ என்று ஒரு வருஷம் பயந்தேன். கூப்பிடாமல் விட்டால் இப்படி வலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

"காக்கா வந்துடுத்தா பாரு" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இடது கண்ணை மூடிப் பார்த்தேன். மயிலாப்பூர் வெயிலில் ஒரு காக்கை அப்பாவின் சோற்றைக் கொத்திக்கொண்டிருந்தது. வலது கண்ணை மூடிப் பார்த்தேன். காக்கை இல்லை, அம்மா இல்லை. நார்வேயின் பனி மாதிரி ஒரே வெள்ளை.