பந்தலுக்கடியில் ஆறாம் வகுப்பு

காமயகவுண்டன்பட்டியில் ஒரு பேச்சு கிளம்பியது: செல்லப்பாண்டி மகள் மகாலட்சுமிக்குக் காத்துக்கருப்பு அடித்துவிட்டது. திராட்சைப் பந்தலுக்கடியில் தனியாகச் சிரிக்கிறாள், "உள்ளேன்" என்கிறாள், சோற்றை யாருக்கோ காட்டிக் காட்டித் தின்கிறாள்.

கொரோனா காலம். பேய்கூட முகக்கவசம் இல்லாமல் வெளியே வராத நேரம் என்பதால், கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருந்தது.

விசாரித்தால் பேய் இல்லை, ஆறாம் வகுப்பு. கம்பம் டவுனில் புதுப் பள்ளியில் சேர்ந்தவள் அதன் வாசலை இன்னும் மிதிக்கவில்லை. டவர் கிடைப்பது பந்தலுக்கடியில் மட்டும். அப்பாவின் போனைக் கல்தூணில் துணியால் கட்டிவைத்துப் படித்தாள். திரை நிறையக் கட்டங்கள். அதில் அவளுக்குத் தோழி ஒரே கட்டம்: கம்பத்துக் கடைக்காரர் ஞானதுரையின் மகள் ஜெஸ்லின். வகுப்பை முடித்துப் போகும் ஜெபஷீலா டீச்சர் இணைப்பைத் துண்டிக்க மறந்துவிடுவார். அந்த மறதியில்தான் இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள்.

பழவெட்டு நெருங்கியது. கேரள வியாபாரியின் வீடியோ அழைப்புக்குக் காத்திருந்தார் செல்லப்பாண்டி. மகள் வகுப்புக்கு நடுவே தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். வெயிலில் திரையில் ஏதோ முகம் அசைய, போனை அவிழ்த்துக் குலைக்கு நேரே நீட்டினார்.

"பாருங்க சேட்டா, ஒரு பழம் அழுகல் இருக்கா? வெலையச் சொல்லுங்க!"

"ஐயா, இது ஸ்கூலுங்க," என்றார் டீச்சர்.

"ஸ்கூலுக்கா? எத்தன பெட்டி வேணும்?"

கட்டங்கள் எல்லாம் குலுங்கின. மகாலட்சுமி ஓடிவந்து போனைப் பிடுங்கி அணைத்தாள். ஜெஸ்லினும் சிரித்திருப்பாள். அந்த நினைப்பே போதும், வகுப்புப் பக்கமே போகவில்லை.

செல்லப்பாண்டிக்கு மனசு கேட்கவில்லை. ஒரு காலையில் அவரே போனைத் தூணில் கட்டினார். "போ ஆத்தா. மத்தியானத்துக்கு மேல கூப்பிடச் சொல்லிட்டேன் வியாபாரிய."

கேமராவை அணைத்தபடியே இருந்தாள். வகுப்பு முடிந்து எல்லாக் கட்டங்களும் மறைந்தன. ஒன்று மட்டும் போகவில்லை.

"ஏ மகா, இருக்கியாடி?"

மகாலட்சுமி தலை ரிப்பனின் நுனியைத் திருகினாள்.

"நான் சிரிச்சேன்தான். ஆனா மைக்க ஆஃப் பண்ணிட்டுத்தான் சிரிச்சேன்."

"சத்தியமா?"

"எங்க வீட்ல சத்தியம் பண்ணக் கூடாது. ஆனா நெசம்."

கேமரா திறந்தது. அழுத முகம், சிரித்தது.

"உங்கப்பா காட்டுனாகள்ல, அந்தக் குலை எனக்கு வருமாடி?"

"ஒனக்குத்தான்." தலை ரிப்பனை அவிழ்த்து அந்தக் குலைக்காம்பில் கட்டினாள்.

டவுன் பஸ் ஓடாத நாட்கள்; குலையைக் கம்பத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. வெட்டு முடிந்து லாரி கேரளத்துக்கு மலையேறியது. ரிப்பன் குலையைச் செல்லப்பாண்டி தொடவில்லை. அது கொடியிலேயே சுருங்கி, குருவிக்குப் போனது. அடுத்த காய்ப்பில் ரிப்பன் வேறொரு குலைக்கு மாறியிருக்கிறது. ஜெஸ்லினுக்கு இன்னும் பாக்கிதான்.