பீடி போடாதவன் உட்காரக் கூடாது

பீடி குடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒச்சப்பனுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. பீடியை விட்ட பிறகுதான் அத்தனை சீக்கும் வந்தது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாததால், எதிரே வந்த எல்லோரிடமும் சொன்னான்.

"கெட்ட பழக்கத்த விட்டா ஒடம்பு தேறும்னுதேன சொல்றாங்க? எனக்கு மட்டும் ஏன் தலைகீழா நடக்குது? குடிச்ச வரைக்கும் கல்லு மாதிரி இருந்தேன்ல?"

அவன் பொட்டிபுரத்துக் காசிமாயனின் கடைசி மகன். அம்மா மருதாயி தேவாரத்துப் பெண். மருதாயியின் அண்ணன் மகன் திருப்பதி, போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காட்டில் கங்காணி. ஒச்சப்பனின் அக்கா சுருளியம்மாளைக் கட்டியவனும் அவன்தான். அந்த வழியில்தான் மீசை அரும்பும் முன்பே ஒச்சப்பன் மலை ஏறினான். தேவிகுளமும் பீர்மேடும் எந்தப் பக்கம் சேரும் என்று டீக்கடைகளில் வாய்ச்சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருசத்தில், அவனுக்கு ஒரு பெண்டாட்டியும் ஒரு பெண்பிள்ளையும் கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் ஓர் அறையும் இருந்தன.

பீடியை அவன் ஆசைப்பட்டுப் பழகவில்லை. அந்தக் காட்டில் ஒரு வழக்கம். காலை வேலைக்கு நடுவில் ஒரு தடவை, மத்தியானக் கஞ்சிக்குப் பிறகு ஒரு தடவை, "பீடி போடுறவன் போட்டுக்க!" என்று கங்காணி குரல் கொடுப்பான். பீடி போடுகிறவர்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு உட்காரலாம். மற்றவர்கள் குனிந்த இடுப்பு நிமிராமல் களை வெட்ட வேண்டும். புதிதாக வந்த ஒச்சப்பன் ஒரு வாரம் வெட்டிப் பார்த்தான். மறு வாரம் ஒரு பீடி கடன் வாங்கி இருமி இருமிக் குடித்தான். உட்கார்ந்தான். அந்தக் காட்டு ஆம்பிளைகளில் பாதிப் பேர் பீடி பழகிய கதை இதுதான்.

அவன் அதை விட்டதற்குக் காரணம் மகள் ராக்கு. நடை பழகி வார்த்தை பழகாத வயது. ஒரு நாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று புகை விட்டுக்கொண்டிருந்தான். சிவப்பாக என்னவோ மினுங்குகிறதே என்று அவள் எட்டிப் பிடித்தாள், கங்கோடு சேர்த்து. அவள் போட்ட அலறல் லயத்தின் கடைசி அறைக்குக் கேட்டது. அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சி ஓடி வந்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிள்ளையின் உள்ளங்கையை விரித்து அவன் முகத்துக்கு நேராக ஒரு தடவை காட்டினாள். பிறகு விளக்கெண்ணெய் தடவ உள்ளே போய்விட்டாள்.

ஒச்சப்பன் மிச்சமிருந்த பீடிக்கட்டை அடுப்பில் போட்டான். "இனிமே பீடியத் தொட்ட கையால எம் புள்ளையத் தூக்க மாட்டேன். ஒச்சாண்டம்மா மேல சத்தியம்" என்றான்.

சத்தியம் செய்ய ஒரு நொடிதான் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது பாடு.

காலையில் எழுந்து நின்றால் மலை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பீடி குடித்தபோது வராத இருமல் இப்போது நெஞ்சைப் பிறாண்டிக்கொண்டு வந்தது, கரிக்கரியாய்ச் சளி. வயிறு இறுகிப்போய் நாட்கணக்கில் அசையவில்லை. வாயெல்லாம் புண். ராத்திரி கண்ணை மூடினால் கனவில் யாரோ பீடி பற்றவைத்தார்கள். வலது கை விரல் இரண்டும் வேலையற்றுப் போய் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன. சாதம் குழைந்தால் கோபம், குழையாவிட்டால் கோபம். காலில் ஏறிய அட்டையைச் சுடக்கூட அவனிடம் நெருப்பில்லை. அதற்கும் ஒரு கோபம்.

முத்துப்பேச்சி சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்தாள். புளியங்கொட்டையை வறுத்து மடியில் கட்டிவிட்டாள், வாய் நமநமத்தால் மெல்ல. வெந்நீர் வைத்து வைத்துக் கொடுத்தாள். மற்றவர்கள் எல்லோரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள்.

"ஒரே ஒரு பீடி குடி. எல்லாம் சரியாப் போகும்."

கூட வேலை செய்யும் ராக்கையா தினமும் அதைச் சொன்னான். "மாப்ளே, ஒனக்கு வந்திருக்கிறது சீக்கு இல்ல. பீடி இல்லாத சீக்கு. மருந்து எம் மடியிலயே இருக்கு, எடுக்கட்டா?"

"மருந்தா? கழுத்தப் பிடிச்சவனே கையை எடுத்தா மூச்சு வரும்னு சொல்ற மாதிரி இருக்குய்யா ஒங்க நாயம்!"

சந்தைக்கு லோடு இறக்கப் போன ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிக்கு இறங்கினான். அங்கே ஒரு கம்பவுண்டர், கண்ணாடி போட்ட ஆள், நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லப்பா. உள்ள சேர்ந்திருந்த கரி வெளிய வருது, அதான் இருமல். தலைசுத்து, கோபம், தூக்கமின்மை எல்லாம் கொஞ்ச வாரத்துல தானா அடங்கும். தண்ணி நெறையக் குடி. தலை சுத்தினா நிக்காத, சித்த உட்காரு. வாய் கேட்டா ரெண்டு ஏலக்காயப் போட்டு மெல்லு."

ஒச்சப்பனுக்கு வந்ததே ஆத்திரம்.

"ஏலக்காயா? சாமி, நாள் முழுக்க ஏலக்காய்க்குள்ளதேன் நிக்கிறேன். பொழுது சாயவும் மடிய ஒதறிக் காட்டிட்டுத்தேன் லயத்துக்குப் போக விடுவாங்க. ஒரு காய் விழுந்துச்சுன்னா திருட்டுப்பய. அதை வாயில போட்டு மெல்லணுமாக்கும்!"

"அப்ப உட்காரவாவது செய்" என்றார் கம்பவுண்டர்.

உட்காரத்தான் போனான், மறுநாள். களை வெட்டிக்கொண்டிருக்கும்போது கண் இருண்டது. அந்த நேரம் பார்த்துத் திருப்பதியும் "பீடி போடுறவன் போட்டுக்க!" என்று கூவினான். ஆம்பிளைகள் எல்லாம் உட்கார்ந்தார்கள். ஒச்சப்பனும் ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்தான்.

திருப்பதி வந்து எதிரே நின்றான். "மாப்ளே, என்ன?"

"தலை சுத்துது மச்சான்."

"பீடி எங்க?"

"அதத்தேன் விட்டுட்டேன்ல."

"விட்டுட்டேல்ல? அப்பறம் எதுக்கு உட்கார்ந்திருக்க? இது பீடி நேரம். பீடி இல்லாதவனுக்கு இங்க என்ன சோலி? எந்திரி, எந்திரி. நீ பாட்டுக்கு உட்கார்ந்தா, கங்காணி மச்சினனுக்குத் தனிச் சட்டமான்னு நாலு பேரு கேப்பான்."

ஒச்சப்பன் எழுந்தான். உட்கார்ந்து புகை விடுகிறவர்களுக்கு நடுவில், இருமிக்கொண்டே களை வெட்டினான். நெஞ்சைக் கெடுத்துக்கொள்கிறவனுக்கு ஓய்வு, நெஞ்சு தேற வேண்டும் என்பவனுக்கு வேலை! இந்த நியாயத்தை எவன் எழுதினான்? ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் அதைத்தான் கேட்டுக்கொண்டான். களை அன்றைக்கு நன்றாக வெட்டுப்பட்டது.

இப்படியே சில நாள் போனது. ஒரு மத்தியானம் கால் மடங்கிச் சரிவில் உருளப் பார்த்தான். ராக்கையாதான் பிடித்தான்.

"ஏண்டா இப்டி வீம்பு பிடிக்கிற? பத்த வைக்க வேணாம். சும்மா கையில வச்சுக்க. மச்சான் தூரத்துல இருந்து பார்த்தா பீடிதேன. சித்த உட்காரலாம்ல?"

ஒச்சப்பனுக்கு நிற்க முடியவில்லை. பீடியை வாங்கிக்கொண்டான். உட்கார்ந்தான். எவ்வளவு சுகம்! விரல் இரண்டுக்கும் ஊருக்குத் திரும்பி வந்தது போலிருந்தது. திருப்பதி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"இப்பத்தேன் மாப்ளே நீ மனுசன்" என்று தீப்பெட்டியைத் திறந்து, குச்சியை உரசி, கையைக் குவித்துக் காற்றுக்கு மறைத்து, அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினான். அத்தனை வருசத்தில் மச்சான் அவனுக்குத் தீ வைத்துக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

"வேணாம் மச்சான், அப்பறம்..." என்று ஒச்சப்பன் இழுத்தான். குச்சி எரிந்து திருப்பதியின் விரலைச் சுட்டது. அவன் உதறிவிட்டு அடுத்த குச்சியை எடுக்கும் முன் ஒச்சப்பன் எழுந்து அரிவாளைத் தூக்கிக்கொண்டான்.

சாயங்காலம் லயத்துக்குப் போனபோது ராக்கு தத்தக்காபித்தக்கா என்று ஓடி வந்தாள். சுட்டுக்கொண்ட நாளிலிருந்து அவன் கையைக் கண்டால் ஒதுங்கிய பிள்ளை, அன்றைக்குப் பார்த்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது. ஒச்சப்பன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பிள்ளை உதட்டைப் பிதுக்கிற்று.

"புள்ள வருதுல்ல, தூக்கேன்" என்றாள் முத்துப்பேச்சி.

"தொட்டுட்டேன்."

"எதை?"

"பீடிய. குடிக்கல. உட்கார்றதுக்காகக் கையில வச்சிருந்தேன்."

முத்துப்பேச்சி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "கையக் கழுவிட்டுத் தூக்கு. வார்த்தைக்கு வார்த்தை குறிச்சு வச்சு அபராதம் போட சாமி என்ன கணக்கப்பிள்ளையா?"

"நாளைக்குத் தூக்குறேன்" என்றான் ஒச்சப்பன். களைத்தவன் உட்கார வேண்டும். அதற்கு இந்தப் பாழாய்ப்போன இலைச்சுருட்டைக் கையில் பிடித்துப் பொய் சொல்ல வேண்டுமா? பெற்ற பிள்ளையைத் தூக்கக் கூசிப்போய் நிற்க வேண்டுமா?

மறுநாள் திருப்பதி கூவியதும் ஒச்சப்பன் சரிவின் நடுவில், எல்லோருக்கும் தெரிகிற பாறையில் போய் உட்கார்ந்தான். இரண்டு கையையும் முழங்கால் மேல் விரித்து வைத்துக்கொண்டான்.

"பீடி எங்கடா?" என்றான் திருப்பதி.

"இல்ல."

"எந்திரி."

"மாட்டேன். தலை சுத்துது. நான் உட்காருவேன். அவிங்க நுரையீரலக் கொளுத்துறதுக்கு நேரம் குடுப்பீக, எனக்கு மூச்சு விட நேரம் குடுக்க மாட்டீகளா? என்ன மச்சான் நாயம் இது?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். திருப்பதிக்கு மூஞ்சி கறுத்தது. மச்சினன் முகத்துக்கு நேராக இப்படிக் கேட்டால் கங்காணிக்கு என்ன மரியாதை?

"அப்டியா? சரி. இனிமே பீடி நேரமே கிடையாது. எவனும் உட்காரக் கூடாது. எல்லாரும் எந்திரிங்கடா!"

ஒச்சப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்களின் கண் எல்லாம் திருப்பதியை விட்டுவிட்டு அவன் மேல் வந்து நின்றது.

"நல்லாருப்படா நீயி" என்றான் ராக்கையா. "நீ விட்டா விட்டுட்டுப் போ. எங்க பீடியவும் ஏன்டா புடுங்குற?"

அன்று யாரும் அவனோடு பேசவில்லை. மறுநாள் பேசினார்கள், பேசாமல் இருந்திருக்கலாம். நடு வேலையில் புகை இல்லாத ஆம்பிளைகளுக்கு உச்சிப்பொழுதுக்குள் தலை வலித்தது. ஒருவன் இன்னொருவன் வெட்டிய களையைத் தன் பக்கம் தள்ளுகிறான் என்று அடிதடிக்குப் போனான். எல்லாவற்றுக்கும் ஒச்சப்பன்தான் காரணம் என்றார்கள். அவனுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. உட்காரவிடாதவன் மச்சான், வசவு எனக்கா?

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மழை விட்ட நேரம். ஒச்சப்பன் வெட்டுவதை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினான். கொஞ்ச நாளாக அவனுக்கு மூக்கு திறந்திருந்தது. மண்ணும் மக்கிய இலையும் பக்கத்தில் நிற்கிறவன் கம்பளியும் தனித்தனியாய் மணத்தன. இப்போது வந்தது அது எதுவும் இல்லை.

"சுருட்டு" என்றான்.

"ஒனக்குக் கனவு" என்றான் ராக்கையா. "எனக்கு ஒண்ணும் வரலையே."

"ஒனக்கு எப்டி வரும், மூக்குல கரியில்ல இருக்கு. வா காட்டுறேன்."

மோப்பம் பிடித்தபடி ஏலச்செடிகளை விலக்கிக்கொண்டு மேலே ஏறினான். அரிவாளும் கையுமாக ஆம்பிளைகள் பின்னாலேயே போனார்கள். காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்களும் என்னவோ ஏதோ என்று வந்தார்கள். ஒரு பெரிய மரத்தின் மறைவில் கல்லைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, கண்ணை மூடிச் சுருட்டு இழுத்துக்கொண்டிருந்தான் திருப்பதி. எத்தனை நேரமாக அந்தச் சுகமோ! கண்ணைத் திறந்தபோது காடே சுற்றி நின்றது.

முதலில் பேசியவள் அவன் பெண்டாட்டி சுருளியம்மாள்.

"ஓகோ. கங்காணிக்கு மட்டும் தலை சுத்துமாக்கும்?"

"ஏய், நீ போய்ச் சோலியப் பாரு" என்றான் திருப்பதி, சுருட்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. புகை தோளுக்கு மேலே ஏறியது.

"எனக்குந்தேன் சுத்துது. வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து சுத்துது. பொம்பளைக பீடி போட மாட்டோம்னு தெரிஞ்சுதேன இந்தச் சட்டம் போட்டீக? ஒரு நாளாவது எங்களப் பார்த்து உட்காருன்னு சொல்லிருக்கீகளா?" கூடையை இறக்கி வைத்தாள். அங்கேயே, அவன் காலடிக்கு எதிரே, சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "இந்தா உட்கார்ந்துட்டேன். எந்திரிக்கச் சொல்லுங்க பாப்போம்."

பெண்கள் ஒருவர் பின் ஒருவராய்க் கூடையை இறக்கினார்கள். ராக்கையா பட்டென்று உட்கார்ந்து மடியில் கை விட்டான். ஒச்சப்பன் வெறுங்கையோடு உட்கார்ந்தான்.

திருப்பதி எல்லோரையும் பார்த்தான். வீட்டில் சோறு போடுகிறவளையும் பார்த்தான். "சரி சரி, சித்த நேரம் எல்லாரும் உட்காருங்க" என்றான், தானாக மனமிரங்கிச் சொல்வதைப் போல. அடுத்த வாரம் கணக்கப்பிள்ளையிடமும், ஆட்கள் களைத்துப் போகிறார்கள் என்று நான்தான் ஏற்பாடு செய்தேன் என்று சொன்னானாம். அதைக் கேட்டு ஒச்சப்பன் குதித்த குதியில் அடங்கியிருந்த இருமல் திரும்ப வந்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஆனால் அந்த நேரத்துக்குப் பேர் மட்டும் மாறவில்லை. வெற்றிலை போடுகிற பெண்கள்கூட "பீடி நேரம் வந்துருச்சா?" என்றுதான் கேட்டார்கள். கேட்கிறபோதெல்லாம் ஒச்சப்பனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏக்கா, சீக்கோட கெடந்து சண்ட போட்டு வாங்குனவன் நானு. பேரு மட்டும் அந்தக் கருமத்துக்கா?"

"பேரு கெடக்குது போடா" என்றாள் சுருளியம்மாள். "தள்ளி உட்காரு, நான் கால நீட்டணும்."