சுபாவத்திலேயே கோபக்காரி

நெய்வேலி மெயின் பஜாரில் நான் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக் கம்ப்யூட்டரில் ஒரு மன்னிப்புக் கடிதம் எப்போதும் தயாராக இருக்கும். 'சுபாவத்திலேயே கோபக்காரனாகிய நான்' என்று தொடங்கும். சூப்பர்வைசரோடு தகராறு பண்ணிய கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அதில் பேரையும் தேதியையும் மாற்றிக் கொடுப்பேன். சுபாவம் என்று எழுதிவிட்டால் சூப்பர்வைசர் மேல் தப்பில்லை என்றாகிவிடும். அவரும் மனமிரங்கி மறுபடி சேர்த்துக்கொள்வார். அந்த வரியை யோசித்து எழுதிய புத்திசாலி நான்தான். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

செவ்வந்தியக்கா மண்மேட்டில் மரக்கன்று நடும் கான்ட்ராக்டில் பன்னிரண்டு வருஷம் இருந்தவள். சுரங்கத்தில் தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டியே மலையான மேடு அது. எங்கள் பக்கத்தில் வேறு மலை ஏது? அதன் முதல் அடுக்கு வரை குடத்தில் தண்ணீர் சுமந்து ஏறுவாள். வேலை அதோடு முடிந்துவிடும் என்பதால் அதற்கு மேலே போனதில்லை.

சூப்பர்வைசர் சிவசங்கர் எல்லாப் பெண்களையும் ஒரே மாதிரிதான் கூப்பிடுவார். "ஏய் கான்ட்ராக்ட், இங்க வா." ஒருநாள் அக்கா குடத்தைக் கீழே போட்டு உடைத்தாள்.

"எங்கம்மா எனக்கு பேரு வெச்சிருக்குதுங்க. கான்ட்ராக்ட்னு வெக்கல."

பத்து நாளைக்குள் மன்னிப்புக் கடிதத்தோடு வா, இல்லையென்றால் வராதே என்று விரட்டிவிட்டார். அவள் என் கடைக்கு வந்தாள். நானும் வழக்கம்போல 'கோபக்காரன்' என்பதைக் 'கோபக்காரி' ஆக்கி அச்செடுத்துக் கொடுத்தேன்.

அவளுடைய புருஷன் கலியன், "ஒனக்கு வாயி ஜாஸ்தி, போட்டுட்டு போயேன் கையெழுத்த" என்றார். பிறந்த வீட்டிலும் அவளைக் கோபக்காரி என்றுதான் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். ஆனாலும் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. மறுநாள் காலையில் விறுவிறுவென்று மண்மேட்டுக்கு நடந்தாள். வேலைக்கில்லை, ஏறுவதற்கு.

முதல் நாள் இரண்டாவது அடுக்கிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் நாள் களிமண் வழுக்கி, முழங்கை தேய்ந்து ரத்தம் வந்தது. சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்தது. பைத்தியம் பிடித்துவிட்டது என்று தெருவில் பேசினார்கள். நாற்பத்து நாலு வயதுப் பொம்பளை ஒரு காரணமும் இல்லாமல் மேடேறினால் இந்த ஊருக்கு வேறென்ன தோன்றும்? வாக்கிங் ஷூ மாட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸைச் சுற்றுகிறவர்களை யாராவது அப்படிச் சொன்னார்களா?

ஏழாம் நாள் உச்சிக்குப் போய்விட்டாள். தூரத்தில் புகைபோக்கிகள், கீழே அவள் நட்ட மரங்களின் தலை, ஒரு மயில், காற்று. அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒன்பதாம் நாள் கடைக்கு வந்து அந்தக் காகிதத்தை மேஜையில் வைத்தாள். கையெழுத்து இல்லை.

"மேல குந்திக்கினு தேடிப் பாத்தேன் சத்யா. கோவமே இல்ல. மூணு நாளா அதே கததான். கீழ எறங்கி அந்த ஆளு ஷெட்டப் பாத்தா மட்டும் குபுக்குனு வருது. அப்ப இது எப்டி எஞ்சுபாவமாவும்? அங்க குடுக்குறாங்க, நான் வாங்கிக்கினு வரேன். அந்த வார்த்தைய எடுத்துடு."

எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். 'குடத்தை உடைத்தது தப்பு. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எனக்குக் கோபம் வராது.' கீழே நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் சிவசங்கர் அதைப் படித்துவிட்டுக் கத்த வாயெடுத்தாராம். எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் அவள் பேர் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. குனிந்து கையெழுத்தைப் பார்த்தார்.

"செவ்வந்தி, ஒனக்கு இங்க வேலை இல்ல. போ."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

இப்போது சேத்தியாத்தோப்புப் பக்கம் நடவுக்குப் போகிறாள். வேலை இல்லாத நாளில் மேடேறுகிறாள். இதையெல்லாம் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள்.

"பேரு சொல்லித்தான கூப்ட்டாரு. எனக்குக் கோவம் வரல சத்யா" என்று சிரித்தாள்.

எனக்கு வந்தது. அந்த ஆள் மேல், அந்த ஊமைக் கம்ப்யூட்டர் மேல், எத்தனையோ பேரைக் கோபக்காரர்களாக்கி அச்சடித்துக் கொடுத்த என் கைகள் மேல். கத்தித் தீர்த்தேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ என்றேன்.

செவ்வந்தியக்கா எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"தாராளமா போ. ஆனா தனியா போ. கூட ஆளிருந்தா தேடிப் பாக்க முடியாது. நான் வர மாட்டேன்."