பல்லவியில் ஓர் அக்கா

இஸ்திரிக் கடைக்காரருக்குத் தெருவில் ‘ஃபாரின்’ என்று பெயர். மனிதர் பஸ் நிலையத்தைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் கடைப் பக்கம் காது வைத்தால் ஒரு நாள் மாலி நாட்டுப் பாட்டு, ஒரு நாள் போர்ச்சுகல் பாட்டு. வெள்ளிக்கிழமை வந்தால் போதும், ஆப்பிரிக்காவிலும் தென் ஐரோப்பாவிலும் புதிதாக என்ன ஆல்பம் வந்திருக்கிறது என்று போனைத் துழாவுவார். பாஷை ஒரு மண்ணும் தெரியாது. தேர்ந்தெடுக்க ஒரே விதிதான்: அட்டைப்படத்தில் பாடுகிறவரின் சட்டை கசங்கியிருக்க வேண்டும்.

“மடிப்புக் கலையாம நிக்கறவன் போட்டோவுக்கு வந்தவன். கசங்கினவன்தான் பாட வந்தவன்,” என்பார்.

“ஊரே கசங்கித் திரிஞ்சாத்தானே நம்ம கடை ஓடும், அந்த ஆசை உங்களுக்கு,” என்பாள் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும் மனைவி.

கேலி இருக்கட்டும். அந்த விதியை நம்பி அவர் பொறுக்கிய பாட்டுகள் நிஜமாகவே நல்ல பாட்டுகள். ஆனால் வினையும் அதே காது வழியாகத்தான் வந்தது. மாடியில் குடியிருக்கும் அவருடைய சொந்த அக்கா, நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாளில் போட்டுக்கொள்ள ஒரு கிரீம் கலர் கோட்டைத் தேய்க்கக் கொடுத்திருந்தாள். போர்ச்சுகல்காரி ஒருத்தி உருகி உருகிப் பாட, இவர் கண்ணை மூடி லயித்துவிட, இஸ்திரிப் பெட்டி கோட்டின் முதுகிலேயே உட்கார்ந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டிருந்தால் அத்தோடு போயிருக்கும். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ஆளாயிற்றே.

“மட்டமான துணி,” என்றார்.

“துணி மட்டமா, தம்பி மட்டமா?” என்று கேட்டுவிட்டு மாடி ஏறினாள் அக்கா. அன்றோடு பேச்சு நின்றது. சொல்ல வேண்டியதைப் படிக்கட்டுப் பூனையிடம் சொல்லுவாள். “பூனையே, சிலபேர் மோட்டாரை நிறுத்த மறந்துட்டாங்க.” இவரும் பூனைக்கே பதில் சொல்லுவார். அந்த வீட்டு விவகாரம் அத்தனையும் பூனைக்கு அத்துப்படி.

இப்போது அக்கா, வேறு தேசத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறாள். இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா போனபின் இவருக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள்.

“போய் ஒரு வார்த்தை பேசுங்களேன்,” என்றாள் மனைவி.

“அவ பேசட்டும்.”

“நல்லாருக்கு. ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு, பூனைதான் சமாதானம் பண்ணணும்.”

அந்த வாரம் செனகல்காரர் ஒருவரும் சிசிலிக்காரி ஒருத்தியும் சேர்ந்து பாடிய ஆல்பம் கிடைத்தது. இருவர் சட்டையும் படு கசங்கல். ஒரு பாட்டின் பல்லவி வந்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டார்.

“கேளேன்! ‘அக்கா வா, அக்கா வா’ன்னு பாடறாங்க!”

“செனகல்ல யாருங்க தமிழ்ல பாடறது? உங்க காது, வேணுங்கறதைத்தான் கேக்கும்.”

அன்று முதல் காலை மாலை அதே பாட்டு. ஸ்பீக்கரைப் படிக்கட்டுப் பக்கம் திருப்பி வைத்தார். துணி கொடுக்க வந்தவர்களெல்லாம் அதை முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். மாடிக் கதவுதான் திறக்கவில்லை.

அக்கா கிளம்பும் காலையில் வாசலில் கார் வந்து நின்றது. பெட்டிகள் ஏறின. இவர் அவசரமாகப் பாட்டை வைத்தார். பல்லவி வருவதற்குள் ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்துபோயிற்று. படியில் செருப்புச் சத்தம் இறங்கி, கடையைத் தாண்டி, வாசலை நோக்கிப் போனது. இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை.

“அக்கா... வா...”

செருப்புச் சத்தம் நின்று, திரும்பி வந்தது.

“பூனையே, அந்தப் பாட்டுக்கு என்னதான் அர்த்தமாம்?” என்றாள் அக்கா. பூனை அங்கே இல்லை.

“அவங்க பாஷையில தெரியாதுக்கா. எனக்குத் தெரிஞ்சது ஒரு அர்த்தம்தான்,” என்றார் இவர். “துணி நல்ல துணிதான். தம்பிதான் மட்டம்.”

அக்கா முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். அதே கிரீம் கலர் கோட்டு. நடுவில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு, பழுப்பாக.

“போற ஊர்ல குளிர் ஜாஸ்தியாம்டா,” என்றாள். “நீ வெச்ச சூடாவது கூட வரட்டும்னு போட்டுக்கிட்டேன்.”