கித்தானுக்குப் போட்ட பூட்டு

நீங்கள்தான் என்னைத் திருடன் என்று சொல்லி, என் அக்காவை அந்த எண்ணத்தோடேயே ரயிலேற்றி அனுப்பினீர்கள், தலைவரே. வேறு யாரும் இல்லை. வட்டகொடை ஸ்டேஷனில் தோட்டத்துச் சனம் அத்தனையும் நிற்க, அந்தத் தோட்டத்துக்கே தலைவராக நின்று சத்தமாகச் சொன்னீர்கள். நானும் சத்தமாகவே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில் நான் லிந்துலை முதலாளி ஒருவரின் பிக்கப் வண்டியை ஓட்டினேன். பாதி நாள் மரக்கறி ஏற்றுவேன். மீதி நாள் இந்தியாவுக்குப் போகிறவர்களின் சாமான். இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்த தோட்டத்துக் குடும்பங்கள், லயத்து வரிசையில் தங்களுக்கு இருந்த ஒற்றை அறைக் காம்பராவைக் காலி செய்துவிட்டு ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல் பிடிப்பார்கள். அவர்களுடைய டிரங்குப் பெட்டி, பித்தளைக் குடம், சுவர்க் கடிகாரம் எல்லாம் என் வண்டியில்தான் ஸ்டேஷனுக்குப் போகும். வண்டியின் பின்பக்கம் கூரையில்லாத தொட்டி. மழைக்கு மேலே ஒரு கித்தானை விரித்துக் கயிற்றால் கட்டுவேன். இருந்த பாதுகாப்பு அதுதான்.

அக்கா குடும்பத்துக்கும் பாஸ்போர்ட் வந்தது. நான் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தேன், அதனால் எனக்குப் பயணம் இல்லை. அப்பாவும் அம்மாவும் செத்த பிறகு எனக்கென்று இருந்தது அக்கா ஒருத்திதான். என் சாப்பாடு அவள் அடுப்பில்தான்.

அக்காவின் சொத்து ஒரு கைத்தையல் மெஷின். மரமூடி போட்டது. மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அதில்தான் தீபாவளிச் சட்டை தைப்பாள். போகிற ஊரில் யாரையும் தெரியாது, ஆனால் மெஷின் இருக்கிறது என்பதுதான் அவளுடைய தைரியம். நான்தான் அதைக் கடைசியாக ஏற்றி, தொட்டியின் ஓரத்தில் வைத்துக் கட்டினேன். அப்போது அக்கா வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் ஏற்றியதை யாரும் பார்க்கவில்லை.

ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டு வளைவில், ரோதைக்கு, அதாவது சக்கரத்துக்குக் காவலான ரோதை முனி கோயில் உண்டு. மலையை விட்டுப் போகிறவர்கள் அங்கே இறங்கித் தேங்காய் உடைக்காமல் போகமாட்டார்கள். அந்த நேரம் வண்டியில் ஒருவரும் இருக்கக் கூடாது. கற்பூரம் அணையும்வரை ஒருவரும் ரோட்டுப் பக்கம் திரும்பக் கூடாது. திரும்பினால் போகிறவர்கள் பாதி வழியில் தடைப்பட்டு நிற்பார்கள் என்று நம்பினோம். அன்றும் அக்கா குடும்பம், நான், எஸ்டேட் லொறியில் பின்னால் வழியனுப்ப வந்த சனம், நீங்கள் எல்லோரும் முனிக்கு முகத்தையும் வண்டிக்கு முதுகையும் காட்டிக்கொண்டு நின்றோம். உங்கள் மச்சினனும் லொறியில் வந்தவன்தான். அவன் எங்கே நின்றான் என்று யாருக்கும் தெரியாது. திரும்பிப் பார்க்கக் கூடாதே. ரோட்டை ஒட்டி இரண்டு பக்கமும் இடுப்பளவு தேயிலை. அதற்குள் எதைப் போட்டாலும் தெரியாது.

ஸ்டேஷனில் கித்தானை எடுத்தால் மெஷின் இல்லை.

நீங்கள் கயிற்றைத் தூக்கிப் பார்த்தீர்கள். "ஒரு முடிச்சும் அவுக்கல. கட்டுனது யாரு?"

"நான்தாங்க."

"அப்ப கட்டுறதுக்கு முன்னாலயே எடுத்து வச்சிட்ட. கூடப் பொறந்தவ சாமான்லயேவா தம்பி கை வைப்ப?"

உங்கள் மச்சினன் பின்னாலிருந்து, "மாப்புள்ள கல்யாணத்துக்குச் சீர் சேக்கிறாரு போல!" என்றான். சனம் சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. ரயில் ஜன்னலுக்குள் உட்கார்ந்த பிறகுதான் பேசினாள். "ஒனக்கு வேணுமின்னா கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, தம்பி."

நான் வாயைத் திறப்பதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது.

திரும்பி வந்து ஷெட்டில் வண்டியை விட்டேன். மெஷின் அளவுக்கு ஒரு மண்ணெண்ணெய் டின்னைத் தொட்டி ஓரத்தில் வைத்து, கித்தானைப் போட்டு, எப்போதும் கட்டுகிற மாதிரியே கட்டினேன். பிறகு இரண்டு முடிச்சுக்கு நடுவில் கித்தானைத் தூக்கினேன். தொளதொளவென்று மேலே வந்தது. டின்னைச் சாய்த்து வெளியே இழுத்தேன். ஒரு முடிச்சும் அசையவில்லை. கூப்பிட்டுக் காட்ட ஆள் தேடினேன். "சரி சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்களே தவிர, வந்து நின்று பார்க்க ஒருவருக்கும் மனமில்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன், இந்தக் கித்தானைப் பூட்டாமல் விடுவதில்லை என்று. முதலாளி கேட்டுச் சிரித்தார். "துணிக்கு யாரு பூட்டுப் போடுவா? கத்தி வச்சா கிழிஞ்சிரும்." கிழியட்டும் என்றேன். கிழித்தால் கிழிசல் தெரியும். எடுத்தவன் ஒரு அடையாளம் விட்டுவிட்டுப் போக வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான்.

அவர் காசு தரமாட்டார். என்னிடமும் இல்லை. மேல்மலையிலிருந்து ஃபேக்டரிக்குக் கொழுந்துச் சாக்கு இறக்கிய பழைய கம்பி அறுந்து காட்டுக்குள் கிடந்தது. அதில் ஒரு புரியைப் பிரித்து எடுத்தேன். கித்தான் ஓரத்தில் ஆணியால் ஓட்டை குத்தி வாஷர் வைத்துத் தட்டினேன். தொட்டியைச் சுற்றிப் பட்டறையில் இரும்பு வளையம் ஒட்டி வாங்கினேன். கூலிக்குப் பதிலாகப் பட்டறைக்காரரின் கரியை நானுஓயாவிலிருந்து ஏற்றி வந்து போட்டேன். கம்பி ஓட்டைக்குள்ளும் வளையத்துக்குள்ளும் மாறி மாறி ஓடி, பின்பலகையில் இரண்டு நுனியும் சேரும். அங்கே ஒரே ஒரு பூட்டு.

செய்து முடித்து இழுத்துப் பார்த்தேன். இரண்டு ஓட்டைக்கு நடுவில் மறுபடியும் தூக்கிக்கொண்டுதான் வந்தது. ஓரம் துணியாக இருக்கிறவரைக்கும் எத்தனை பூட்டுப் போட்டாலும் கை நுழையும். ஃபேக்டரி குப்பையில் உடைந்த தேயிலைப் பெட்டிகள் கிடக்கும். அந்தப் பெட்டிகளின் மூலைக்கு அடித்த தகரப் பட்டைகளைக் கழற்றி, தட்டி நேராக்கி, கித்தானின் ஓரத்தை மடித்து உள்ளே வைத்துக் கோணி ஊசியால் தைத்தேன். இப்போது ஓரம் பலகை மாதிரி வண்டியோடு படிந்தது. தகரத்தின் உள்விளிம்பை மடிப்புக்கு வெளியே கொஞ்சம் நீட்டி விட்டேன். அதை அரம் போட்டுத் தேய்க்கவும் இல்லை. மறந்துபோய் அல்ல.

பூட்டு வாங்கவில்லை. என் காம்பரா வாசலில் தொங்கியதைக் கழற்றி மாட்டினேன். உள்ளே பூட்டி வைக்க என்ன இருந்தது? ஒரு பாய், ஒரு கேத்தல்.

அடுத்துப் போன குடும்பத்தின் சாமானை ஏற்றியபோது, வீட்டுக்காரரை அழைத்து அவர் கண்முன்னே பூட்டி, சாவியை அவர் கையில் கொடுத்தேன். நீங்களும் வழியனுப்ப வந்திருந்தீர்கள்.

"என்ன தம்பி, பேங்க்கு வண்டியா இது?" என்றீர்கள்.

"பேங்க்குல திருடன் வெளியிலயிருந்து வருவானுங்க" என்றேன். உங்கள் முகம் மாறியது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

முனி கோயிலில் இறங்கினோம். தேங்காய் உடைத்தார்கள். நான் திரும்பவில்லை. பின்னால் யாரோ "ஸ்" என்று மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. அப்போதும் திரும்பவில்லை. போகிற குடும்பத்துக்குத் தடை வந்தது என்னால் என்று ஆகக் கூடாது.

கற்பூரம் அணைந்து வண்டிக்கு வந்தோம். பூட்டு அப்படியே இருந்தது. இடது பக்க ஓரத் தகரம் மட்டும் வளைந்திருந்தது. அதில் ரத்தம். வழிந்து டயர்மேல் சொட்டியிருந்தது. நீங்கள் தோள் துண்டை எடுத்து அதைத் துடைத்தீர்கள்.

"கோழி அறுத்த ரத்தமா இருக்கும்" என்றீர்கள்.

"இன்னிக்கு யாருங்க கோழி அறுத்தா? தேங்காதானே ஒடச்சோம்" என்று கேட்டேன். நீங்கள் துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டீர்கள். சாவி வைத்திருந்த வீட்டுக்காரர், "ரயிலுக்கு நேரமாச்சுங்க" என்றார். எல்லோரும் ஏறிக்கொண்டோம்.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையில் நிற்கும்போது அந்தப் பக்கம் போனேன். உங்கள் மச்சினனின் வலது கை விரல் முட்டிகளில் துணி சுற்றியிருந்தது. கேட்டவர்களிடம் கவ்வாத்துக் கத்தி வெட்டிவிட்டது என்றான். அவன் வலதுகைக்காரன். கத்தியைப் பிடிக்கிற கையையே கத்தி எப்படி வெட்டும்? தேயிலை வாது வெட்டிப் பழகிய அத்தனை பேர் அங்கே நின்றார்கள். ஒருவரும் கேட்கவில்லை.

நான் உங்களிடம் வந்தேன். வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் சொன்னேன். இல்லை என்று நீங்கள் சொல்லவில்லை.

"விடு தம்பி. அக்கா போயிட்டாங்க. மெஷினும் போயிருச்சு. இனிமே அதைப் பேசி யாருக்கு என்ன?"

"எனக்குங்க" என்றேன்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு போகிறவர்கள் எல்லோரும் என் வண்டியைத்தான் கேட்டார்கள். "பூட்டு வண்டி" என்று பெயரே வந்தது. உடப்புசல்லாவையிலிருந்துகூட ஆள் அனுப்பினார்கள். பூட்டை நம்பினார்கள். சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ஸ்டேஷன் வரைக்கும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். ஒருவர்கூட முன்சீட்டில் உட்கார்ந்து, "நீ எடுத்திருக்கமாட்ட" என்று சொல்லவில்லை. பெட்டியை இறக்கியதும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். என்னோடு பேசியிருக்கக்கூடிய சனத்தையெல்லாம் நானே ஒவ்வொரு குடும்பமாக ஏற்றிக்கொண்டு போய் ரயிலில் விட்டேன். லயத்தில் என் பக்கம் ஐந்தாறு காம்பரா காலியானது. காலிச் சுவருக்குப் பக்கத்தில் சோறாக்கித் தின்றேன். பூட்டில்லாத என் கதவைக் காற்று தள்ளும்போதெல்லாம் யாரோ வருகிறார்கள் என்று நிமிர்ந்து பார்ப்பேன்.

அக்கா கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள். அங்கேயும் கொழுந்துதான் பறிக்கிறாள், தைக்கவில்லை. கடிதம் போடுவாள், சுகம் விசாரிப்பாள். மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. மன்னித்துவிட்டாள். நான் செய்யாததற்கு என்னை மன்னித்துவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் எடுக்கவில்லை என்று எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். திருடன் எழுதினாலும் அப்படித்தானே எழுதுவான்? நேரில் போகக் கப்பலும் நின்றுவிட்டது.

அதனால் உங்களிடம் வருகிறேன், தலைவரே. உங்கள் சொல்லை அவள் நம்புவாள். ஒரு தடவை நம்பியவள்தானே. வருகிற திருவிழாவிலும் கோயில் வாசலில் மைக் பிடிக்கப்போவது நீங்கள்தான். இந்தியாவில் சொந்தம் இருக்கிற சனம் முழுவதும் அங்கே நிற்கும், நீங்கள் சொல்வது அங்கே போய்ச் சேர்ந்துவிடும். நானும் கித்தானைக் கொண்டுவந்து முன்னால் விரிக்கிறேன். நீங்கள் துடைத்தும் போகாத கறை தையலில் இன்னும் இருக்கிறது. அதைக் காட்டி, அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லுங்கள். அது கோழியா? இல்லையென்றால் யாருடைய கை?