தாடி வளரும் வரை

எங்கள் காப்பகத்து மேசை இழுப்பறையில் அந்த முடிவெட்டும் மெஷின் இன்றும் கிடக்கிறது. வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியபோது நான் வாங்கி வந்தது. நாகர்கோவில் தெருக்களில் போக்கிடமின்றிக் கிடப்பவர்களை அழைத்துவந்து தங்கவைக்கும் தன்னார்வ அமைப்பு எங்களுடையது. யார் வந்தாலும் முதலில் முடிவெட்டு, சவரம், குளியல். அதன் பிறகுதான் புகைப்படம். அது வார்டன் அக்கா வகுத்த முறை. “அழுக்கோட எடுத்த படத்த வீட்டுக்காரங்க பாத்தா நெஞ்சு தாங்குமா மக்கா?” என்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மண்டைக்காட்டு அம்மன் கோவில் கொடைவிழா முடிந்த மறுநாள், அங்கே கடற்கரையில் தனியே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரை அழைத்துவந்தோம். நெஞ்சு வரை தாடி. பெயரும் ஊரும் அவருக்கு நினைவில் இல்லை. மெஷினைக் கண்டதும் தாடியை இரு கைகளாலும் பொத்திக்கொண்டார். நான் நைசாகப் பேசி மழித்துவிட்டேன். என் கைவண்ணத்தை நானே மெச்சியும் கொண்டேன். அந்தப் படம் வாட்ஸப்பில் சென்னை, திருவனந்தபுரம் என்று சுற்றியது. மூன்று மாதமாகியும் ஒருவரும் தேடி வரவில்லை. தினமும் மாலையில் அவர் கேட்டருகே போய் நின்று தெருவைப் பார்ப்பார். எனக்கு மனசு கேட்காது.

பிறகு மெஷின் பழுதாகி, தக்கலையில் ரிப்பேர் கடையில் வாரக்கணக்கில் கிடந்தது. அதற்குள் பெரியவருக்குத் தாடி மறுபடி அடர்ந்து வளர்ந்துவிட்டது. ஒரு காலையில் அவருக்குக் காப்பி கொடுக்கப் போன வார்டன் அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

“ஏலே, இந்தத் தாடிய வச்சில்லா ஆளுக அவர அறியும்! எனக்க புத்தி எங்க போச்சு?”

அன்றே மறுபடியும் படம் எடுத்து அனுப்பினோம். மறுநாள் காலையில் அவருடைய மகள் வந்து நின்றாள். எங்கிருந்து? இங்கே பக்கத்தில், சிதறாலிலிருந்து!

“மொத படத்த நானும் பாத்தேன் அக்கா. யாரோன்னு தள்ளிவிட்டுட்டேன். தாடி இல்லாம அப்பாவ நான் கண்டதே இல்ல,” என்று அழுதாள்.

“தப்பு எனக்கதாக்கும்,” என்று அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மெஷின் பிடித்தது நான் என்று அவர் மூச்சுவிடவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு. வெட்கமாகவும் இருந்தது.

வார்டன் அக்கா இப்போது ஓய்வில் இருக்கிறார். போகும் முன் முறையை மாற்றிவிட்டுத்தான் போனார்: வந்த கோலத்திலேயே முதல் படம்; சவரம் அவரவர் சம்மதித்தால் மட்டும். சென்ற கொடைக்கு வந்த மகள், அப்பாவையும் காப்பகத்துக்கு அழைத்துவந்தாள். இங்கே இருந்தது எதுவுமே அவருக்கு நினைவில்லை என்றாள். ஆனால் என்னைப் பார்த்ததும் பெரியவர் தாடியை இரு கைகளாலும் பொத்திக்கொண்டார். நான் வெறுங்கைகளை விரித்துக் காட்டிய பிறகுதான் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்.